ஒன்பது முனைச் செருகி: பழைய வீட்டுக் கணினிகளுக்கு ஜாய்ஸ்டிக் அடாப்டர் செய்த அனுபவம்

1977-இல் வெளிவந்த அடாரி வீடியோ விளையாட்டுக் கருவியின் ஜாய்ஸ்டிக், ஒன்பது முனைகள் கொண்ட ஒரு சிறிய செருகியில் முடிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த வீட்டுக் கணினிகளில் பல அதே செருகியை ஏற்றுக்கொண்டன. கமடோர் 64, அமீகா, அடாரி எஸ்டி, ஆம்ஸ்ட்ராட் சிபிசி, எம்எஸ்எக்ஸ் வகைக் கணினிகள், ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2, இவற்றோடு செகா மெகா டிரைவ் என்ற விளையாட்டுக் கருவி என எல்லாவற்றிலும் அதே வடிவம் இருக்கிறது. ஆனால் எந்த முனையில் எந்தக் கம்பி என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஆகவே ஒன்றின் செருகி மற்றொன்றில் எளிதாக நுழைந்துவிடுகிறது என்பதைக் கொண்டு அது அங்கே வேலை செய்யும் என்றோ, கணினிக்குத் தீங்கு செய்யாது என்றோ முடிவு செய்ய முடியாது. என்னிடம் உள்ள கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2, அமீகா 500 ஆகியவற்றுக்காகச் சில ஆண்டுகளாக நானே அடாப்டர்கள் செய்து பயன்படுத்தி வருகிறேன். அந்த வேலையில் தெளிவானவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி. பழைய ஜாய்ஸ்டிக்கின் கேபிளையோ கணினியின் உட்பலகையையோ நான் வெட்டுவதில்லை. மாற்றங்கள் எல்லாம் இரண்டுக்கும் நடுவில் வைக்கும் அடாப்டரிலேயே நடக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் பழுதின்றித் தாங்கிய ஒரு கேபிளை வெட்டி, வேறு செருகியைப் பற்றவைத்துவிட்டால், அந்தச் சாதனம் தன் சொந்தக் கணினிக்குப் பயன்படாமல் போகிறது. நமக்குப் பிறகு அதை வாங்குபவருக்கு உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பதும் தெரியாது. அடாப்டர் பிழையாக அமைந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடலாம்.

அடாரியின் ஏற்பாட்டை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 1 மேல், 2 கீழ், 3 இடம், 4 வலம், 6 சுடும் பொத்தான், 8 தரை (மின்சுற்றின் 0 வோல்ட் கம்பி). 7-ஆம் முனையில் கணினி +5 வோல்ட் தருகிறது. 5, 9 ஆகிய இரண்டும் பேடில்களுக்கு, அதாவது குமிழைச் சுழற்றி விளையாடும் கருவிகளுக்கு உரியவை. சாதாரண ஜாய்ஸ்டிக்கின் உள்ளே மின்னணுப் பாகம் எதுவும் கிடையாது. ஐந்து விசைகளும் அவற்றுக்குப் பொதுவான ஒரு கம்பியும் மட்டுமே உண்டு. கணினி ஒவ்வொரு கம்பியையும் தானே உயர்நிலையில் வைத்திருக்கிறது. நாம் ஒரு விசையை அழுத்தும்போது அந்தக் கம்பி தரையோடு இணைந்து தாழ்நிலைக்கு வருகிறது. அதைக் கணினி படித்துக்கொள்கிறது. அதாவது, ஜாய்ஸ்டிக் ஒரு கம்பியைக் கீழே இழுக்கலாமே தவிர, ஒருபோதும் மேலே தள்ளக் கூடாது. கமடோர் 64 போன்ற கணினிகள் இந்த எழுதப்படாத உடன்பாட்டை நம்பியே வடிவமைக்கப்பட்டுள்ளன. அடாப்டர் செய்பவர் ஒவ்வொரு கம்பிக்கும் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கம்பியை எந்தப் பக்கம் இயக்குகிறது என்பதே. முனை எண்களை மட்டும் பார்த்துக் கம்பிகளை இணைப்பது அரை வேலைதான்.

இதற்கு உடனடி எடுத்துக்காட்டு 7-ஆம் முனை. எம்எஸ்எக்ஸ் கணினிகளில் அது இரண்டாவது சுடும் பொத்தானுக்கு உரியது. ஆம்ஸ்ட்ராட் சிபிசியிலும் அந்த முனையில் ஒரு சுடும் பொத்தானே வருகிறது. அவற்றுக்கென்று செய்யப்பட்ட ஜாய்ஸ்டிக்கைக் கமடோர் 64-இல் அப்படியே செருகி அந்தப் பொத்தானை அழுத்தினால், +5 வோல்ட் நேராக 8-ஆம் முனையின் தரையோடு இணைந்து ஷார்ட் ஆகும். கமடோரின் கையேடு அந்த முனையிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத எந்த ஜாய்ஸ்டிக்கையும் நான் முதலில் மல்டிமீட்டரில்தான் செருகுகிறேன். 7-க்கும் 8-க்கும் இடையே, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் மீட்டரை வைத்து, எல்லாப் பொத்தான்களையும் திசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன். எதிலும் மீட்டர் ஒலிக்கவில்லை என்றால்தான் அடுத்த படி.

முனை எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கணினியின் பக்கம் உள்ள ஆண் கனெக்டரை, ஐந்து முனைகள் உள்ள வரிசை மேலே இருக்குமாறு நேராகப் பார்த்தால், மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரையும் கீழ்வரிசையில் 6 முதல் 9 வரையும் அமைந்திருக்கும். ஜாய்ஸ்டிக்கின் பெண் செருகியை முகத்தின் பக்கம் பார்த்தால் இது கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறிவிடும். அதே செருகியைத் திருப்பிப் பற்றவைக்கும் பக்கம் பார்த்தால் மறுபடியும் மாறும். வரைபடங்கள் பலவற்றில் அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் என்று எழுதப்படுவதே இல்லை. இதற்கு ஓர் உறுதியான வழி, கனெக்டரின் பிளாஸ்டிக் பகுதியிலேயே ஒவ்வொரு முனையின் அருகிலும் அச்சாகியிருக்கும் நுண்ணிய எண்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படித்து, அந்த எண்களை மட்டும் நம்புவதே. கம்பிகளின் நிறங்களையும் நம்பக் கூடாது. அடாரியின் சொந்த ஜாய்ஸ்டிக்கில் மேல் வெள்ளை, கீழ் நீலம், இடம் பச்சை, வலம் பழுப்பு, சுடுவது ஆரஞ்சு, தரை கறுப்பு என்று ஓர் ஒழுங்கு உண்டு. மற்ற நிறுவனங்கள் இதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

முதல் முயற்சிக்கு ஏற்றது ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2-க்கான அடாப்டர் என்பேன். 1986-இல் சின்கிளேரின் கணினிப் பிரிவை ஆம்ஸ்ட்ராட் வாங்கிய பின் வெளிவந்த இந்தக் கணினியின் பக்கவாட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக் வாயில்கள் உண்டு. ஆனால் அவற்றின் முனை ஒழுங்கு அடாரியினுடையது அன்று. கணினியோடு விற்கப்பட்ட ஜாய்ஸ்டிக்கே அதற்குப் பொருந்தியது. அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையாண்டவர்கள், அதை விட்டு வேறொன்றைப் பயன்படுத்த ஏன் விரும்புகிறோம் என்று கேட்க மாட்டார்கள். இங்கே மின்னணுப் பாகம் எதுவும் தேவையில்லை. ஆறு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். ஜாய்ஸ்டிக்கின் 1 கணினியின் 5-க்கும், 2 கணினியின் 9-க்கும், 3 கணினியின் 7-க்கும், 4 கணினியின் 6-க்கும், 6 கணினியின் 4-க்கும், பொதுக் கம்பியான 8 கணினியின் 2-க்கும் செல்ல வேண்டும். இந்த வாயிலில் +5 வோல்ட் கிடையாது. ஆகவே தானாகத் தொடர்ந்து சுடும் வசதி உள்ள ஜாய்ஸ்டிக்குகளில் அந்த வசதி மட்டும் வேலை செய்யாது. மற்றவை சரியாக இயங்கும்.

இதைச் சோதிப்பதும் எளிது. பிளஸ் 2-இன் ஜாய்ஸ்டிக் வாயில்கள் விசைப்பலகையின் எண் விசைகளாகவே கணினிக்குத் தெரிகின்றன. முதல் வாயிலில் இடம் 6, வலம் 7, கீழ் 8, மேல் 9, சுடுவது 0. இரண்டாம் வாயிலில் இடம் 1, வலம் 2, கீழ் 3, மேல் 4, சுடுவது 5. பேசிக் என்ற நிரல்மொழியின் திரையைத் திறந்து ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அந்தந்த எண்கள் தட்டச்சாகும். எந்தக் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

இனி, பலர் வாங்கிவரும் மெகா டிரைவ் பேடு, அதாவது இரு கைகளாலும் பிடித்து விளையாடும் பொத்தான் பலகை. கைக்கு அடக்கமானது, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதன் செருகி கமடோர் 64-இன் வாயிலில் தடையின்றி நுழைகிறது. செருகியவுடன் திசைகளும் ஒரு பொத்தானும் வேலை செய்வது போலவே தோன்றும். அதனால்தான் இது ஆபத்தானது.

மூன்று பொத்தான் பேட்டின் உள்ளே 74எச்சி157 வகைச் சிப் ஒன்று இருக்கிறது. அது தன் மின்சாரத்தை 5-ஆம் முனையில் எதிர்பார்க்கிறது. 7-ஆம் முனை அதற்குத் தேர்வுக் கம்பி. அந்தக் கம்பி உயர்நிலையில் இருந்தால் பி, சி பொத்தான்களின் நிலை 6, 9 முனைகளில் வரும். தாழ்நிலையில் இருந்தால் ஏ பொத்தானும் ஸ்டார்ட் பொத்தானும் வரும். மேல், கீழ் திசைகள் விசையிலிருந்து நேராக வெளியே வருகின்றன. இடம், வலம், பொத்தான்கள் ஆகிய நான்கும் சிப்பின் வழியாக வருகின்றன. கமடோரில் 5-ஆம் முனை பேடிலுக்கு உரியது என்பதால் அங்கே மின்சாரம் இல்லை. 7-இல் வரும் +5 வோல்ட்டை, சிப் தன் தேர்வுக் கம்பியின் பாதுகாப்பு டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாக உறிஞ்சிக்கொண்டு எப்படியோ இயங்குகிறது. அது முதல் குறை.

இரண்டாவது குறைதான் பெரியது. அந்தச் சிப் விசையைப் போன்றதன்று. அது கம்பியைத் தாழ்த்துவதோடு நிற்காமல், பொத்தான் அழுத்தப்படாத நேரத்தில் உயர்நிலைக்குத் தள்ளிப் பிடிக்கவும் செய்கிறது. கமடோர் 64-இல் ஜாய்ஸ்டிக் வாயில்களும் விசைப்பலகையும் 6526 என்ற ஒரே சிப்பின் கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாம் வாயிலின் கம்பிகள், விசைப்பலகையை வரிசை வரிசையாகத் துழாவுவதற்குக் கணினி தாழ்த்துகின்ற அதே கம்பிகள். வினாடிக்கு அறுபது முறை கணினி அக்கம்பிகளைக் கீழே இழுக்க, பேடு அவற்றை மேலே தள்ள, இரண்டு சிப்களும் ஒன்றையொன்று எதிர்த்துத் தேவையற்ற மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. முதல் வாயிலில் செருகினாலும், விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தும் நேரத்தில் இதே மோதல் நிகழும். சில விசைகள் வேலை செய்யாமல் போவது இதன் வெளிப்படையான அடையாளம். 6526 இன்று உற்பத்தியில் இல்லை; அசல் சிப் வேண்டுமானால் பெரும்பாலும் வேறொரு கமடோரிலிருந்து எடுத்தே மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு கணினியைக் காப்பாற்ற மற்றொன்றைப் பலியிடும் நிலை நம் பொழுதுபோக்கால் வரக் கூடாது என்று உறுதியாக எண்ணுகிறேன்.

தீர்வு கடினமானதன்று. பேட்டின் 5, 7 ஆகிய இரு முனைகளையும் கமடோரின் 7-ஆம் முனையோடு இணைக்க வேண்டும். அப்போது சிப்புக்கு முறையான மின்சாரம் கிடைக்கும். தேர்வுக் கம்பியும் எப்போதும் உயர்நிலையில் இருக்கும். கமடோரின் 5-ஆம் முனையை எதனோடும் இணைக்காமல் விட்டுவிட வேண்டும். பேட்டின் 8-ஆம் முனை கமடோரின் 8-ஆம் முனையோடு. பிறகு 1, 2, 3, 4, 6 ஆகிய ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டையோடு, அதன் பட்டை போட்ட முனை பேட்டை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். இப்போது பேடு கம்பியைக் கீழே இழுக்க முடியும், மேலே தள்ள முடியாது. அடாரியின் உடன்பாடு மீண்டும் நிலைநிறுத்தப்படுகிறது. எளிதாகக் கிடைக்கும் 1என்4148 சிலிக்கான் டையோடில் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை வீழ்ச்சி இருக்கும். தாழ்நிலை என்று ஏற்கப்படும் எல்லை 0.8 வோல்ட் என்பதால் அது விளிம்பில் நிற்கிறது. நான் பாட்85 போன்ற ஷாட்கி டையோடுகளையே பயன்படுத்துகிறேன். அவற்றில் வீழ்ச்சி ஏறத்தாழ பாதிதான். சில ரூபாய் வேறுபாட்டுக்காக விளிம்பில் நிற்க வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. கமடோர் 64 விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே பொத்தானை நம்பியவை. குதிப்பதற்கு ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். பேட்டின் 9-ஆம் முனையில் வரும் சி பொத்தானை இன்னொரு டையோடு வழியாகக் கணினியின் 1-ஆம் கம்பியோடு இணைத்துவிட்டால், அந்தப் பொத்தானே குதிக்கும் பொத்தான் ஆகிவிடும். டையோடுகள் இருப்பதால் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. இப்படி ஒன்றைச் செய்து பயன்படுத்திய பிறகு, மேல்திசையில் தள்ளிக் குதிக்கும் பழைய முறைக்கு என் கட்டைவிரல் திரும்பவே இல்லை.

கடையில் அடாப்டராகவே விற்கப்படுவதை வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம், ஆனால் திறந்து பார்த்து வாங்க வேண்டும். மெகா டிரைவ் பேட்டுக்கானது என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்பியதைத் திறந்தபோது, ஒன்பது கம்பிகளும் எண்ணுக்கு எண் நேராகச் சென்றன. டையோடு எதுவும் இல்லை. அது வெறும் நீட்டிப்புக் கேபிள்தான்.

கமடோரில் சோதனைக்கு 56320 என்ற நினைவக முகவரியில் உள்ள எண்ணைப் படித்து, அதன் கடைசி ஐந்து பிட்டுகளை மட்டும் திரையில் தொடர்ந்து அச்சிடும் இரண்டு வரி பேசிக் நிரல் போதும். அது இரண்டாம் வாயிலுக்கு. முதல் வாயிலுக்கு 56321. எதுவும் அழுத்தாதபோது 31, மேலே 30, கீழே 29, இடம் 27, வலம் 23, சுடும்போது 15 என்று வர வேண்டும். நான் இதோடு நிற்பதில்லை. பேடு செருகியிருக்கும்போதே விசைப்பலகையின் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்க்கிறேன். கம்பிகள் பகிரப்படுவதால், விசைப்பலகை முழுமையாக இயங்குவதே அடாப்டர் அமைதியாக இருக்கிறது என்பதற்குச் சான்று. செருகுவதும் கழற்றுவதும் கணினியை அணைத்த பிறகே. அந்த வாயிலின் முனைகள் நேராக 6526-க்குச் செல்வதால், விரலில் உள்ள நிலைமின்னே அதைக் கெடுக்கப் போதும்.

மௌஸ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமீகாவும் அடாரி எஸ்டியும் ஒரே வகைத் துடிப்புகளைத் தரும் மௌஸையே பயன்படுத்துகின்றன; கம்பிகளின் வரிசையில்தான் வேறுபாடு. 1-ஐயும் 4-ஐயும் தமக்குள் மாற்றிவிட்டால் ஒன்றின் மௌஸ் மற்றொன்றில் இயங்கும். இதற்குச் சிறு கேபிள் போதும். கமடோரின் 1351 மௌஸ் வேறு இனம். அது தன் அசைவைப் பேடில் முனைகளின் வழியாகத் தெரிவிப்பதால் கம்பி மாற்றி அமீகாவில் பயன்படுத்த இயலாது. பேடில்களிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. அடாரி பேடிலில் 1 மெகா ஓம் மின்தடை. கமடோருடையதில் 470 கிலோ ஓம். அடாரி பேடிலைக் கமடோரில் செருகினால் தீங்கில்லை, ஆனால் சுழற்சியில் ஏறத்தாழப் பாதித் தூரத்திலேயே திரையில் உள்ள மட்டை விளிம்பைத் தொட்டுவிடும்.

கனெக்டர் வாங்குவதில் சிரமம் இல்லை. தொழிற்சாலைக் கருவிகளின் சீரியல் இணைப்புக்கு இன்றும் பயன்படுவதால், சென்னை ரிச்சி தெருவில் டிபி-9 என்று கேட்டால் எல்லாக் கடைகளிலும் எடுத்துத் தருவார்கள். சிரமம் அவற்றின் உலோக விளிம்பில்தான். கமடோர் 64-இன் வாயில்கள் உறையின் உள்ளே குழிந்து, ஒன்றையொன்று நெருங்கி இருக்கின்றன. திருகுக் காதுகள் கொண்ட சாதாரண கனெக்டரும் அதன் அகன்ற மூடியும் அங்கே முழுமையாக உள்ளே போகாது. பாதி நுழைந்து நிற்கும் செருகி, விளையாட்டின் நடுவே தொடர்பை இழக்கும். ஆகவே கணினியின் பக்கத்துக்கு, ஜாய்ஸ்டிக் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் வார்க்கப்பட்ட மெல்லிய செருகியைக் கேபிளோடு வெட்டி எடுத்துக்கொள்கிறேன். மறுபக்கத்துக்கு மட்டும் கடைக் கனெக்டர். நீட்டிப்புக் கேபிள்களில் ஒன்பது கம்பிகளும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலிவானவற்றில் ஆறு கம்பிகளே இருப்பதுண்டு; அவற்றில் 7-ஆம் முனை வெறுமையாக இருந்தால் மெகா டிரைவ் பேட்டுக்கு மின்சாரமே போகாது.

பற்றவைக்கும்போது கனெக்டருக்கு எதிர்ப்பாலான மற்றொரு கனெக்டரை அதன் முகத்தில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் சாயாமல் நேராக நிற்கும். கம்பி அமரும் ஒவ்வொரு முனையின் பின்புறக் கிண்ணத்திலும் முதலில் ஈயத்தை உருக்கி நிரப்பி, கம்பியின் நுனிக்கும் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்தால் ஒரே தொடுகையில் வேலை முடியும். டையோடுகளை மூடிக்குள் திணிப்பதை விட, சிறு துளைப்பலகையில் வரிசையாகப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் அகன்ற குழாய்க்குள் மூடிவிடுவது நல்லது. பிறகு ஒரு டையோடு பழுதானாலும் குழாயைக் கீறித் திறந்து மாற்றலாம். கேபிளின் இழுவிசை பற்றவைத்த இடத்தில் விழாதபடி, கேபிள் உறையைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவதை மறக்கக் கூடாது. முடிந்தபின் எந்தக் கணினிக்கு, எந்தச் சாதனத்துக்கு என்ற இரண்டையும் அடாப்டரின் மேலேயே எழுதி ஒட்டுகிறேன். வெளித்தோற்றத்தில் எல்லா அடாப்டர்களும் ஒன்றுபோலவே இருப்பதால், பிளஸ் 2-க்கு உரியதை அமீகாவில் செருகிவிட வாய்ப்பு மிகுதி.

கம்பியை மாற்றித் தீர்க்க முடியாத இடம் விசைப்பலகை. 1984-இல் ஐபிஎம் ஏடி கணினியோடு வந்த ஐந்து முனை விசைப்பலகையை, 1987-க்குப் பிந்தைய சிறிய ஆறு முனைச் செருகிக்கு நான்கு கம்பிகளில் மாற்றிவிடலாம், ஏனெனில் இரண்டும் பேசும் மொழி ஒன்று. அதற்கு முந்தைய எக்ஸ்டி விசைப்பலகை அதே ஐந்து முனைச் செருகியோடு வந்தாலும் அதன் சமிக்ஞை முறை வேறு. அமீகா 2000-இன் விசைப்பலகையும் ஐந்து முனைதான், மொழி முற்றிலும் வேறு. அங்கெல்லாம் நடுவில் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி அமர்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய வேலை.

இப்போது மேசையில் இருப்பது நண்பர் ஒருவரின் கமடோர் பிளஸ்/4. 1984-இல் வந்த இந்தக் கணினியில் ஒன்பது முனை வாயில் கைவிடப்பட்டு, வட்டமான எட்டு முனை மினி-டின் வாயில் வைக்கப்பட்டது. 1 முதல் 4 வரை திசைகள், 5 மின்சாரம், 6 பொத்தான், 7 தரை. பார்த்தவுடன் ஜாய்ஸ்டிக்கின் பொதுக் கம்பியை 7-ஆம் முனையின் தரையோடு இணைக்கத் தோன்றும். ஆனால் அது 8-ஆம் முனைக்கே செல்ல வேண்டும். அது தரையன்று, எந்த வாயிலை எப்போது படிப்பது என்பதைக் கணினி தானே முடிவு செய்யும் தேர்வுக் கம்பி. தரையில் இணைத்தால், ஜாய்ஸ்டிக்கின் அசைவுகள் விசைப்பலகையின் படிப்போடு கலந்துவிடும். மினி-டின் முனைகளைக் கையால் பற்றவைப்பது கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும் என்பதால், பழைய மெக்கின்டாஷ் பிரிண்டர்களுக்கென விற்கப்பட்ட எட்டு முனைக் கேபிள் ஒன்றின் புதிய பிரதியை வாங்கி நடுவில் வெட்டியிருக்கிறேன். ஒரு கேபிளிலிருந்து இரண்டு செருகிகள், இரண்டு வாயில்களுக்கும் ஓர் அடாப்டர் வீதம். அதன் கம்பிகள் இரு முனைகளுக்கும் இடையே குறுக்காக மாற்றி இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டு பாதிகளின் நிற அட்டவணையும் தனித்தனியாகவே எடுக்க வேண்டியிருக்கிறது.